ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் முடிப்பவர்

மனிதர்களில் மிச்ச மாத்திரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நோயாளியைக் கண்டால் இரக்கம் வருவதற்கு முன்பே அவர் கை சட்டைப்பைக்குள் போய்விடும். அங்கே பாதி கத்தரித்தவை, பெயர் அழிந்தவை, யாருக்கோ எதற்கோ எழுதித் தந்தவை என்று அட்டை அட்டையாக மாத்திரைகள் ரப்பர் பேண்டில் கட்டிக் கிடக்கும். ஆளென்ன, ஆடென்ன? இருமினால் ஒன்று. இருமப்போவதுபோல் முகத்தை வைத்தாலும் ஒன்று.

தையல்காரியின் பக்கத்து வீட்டுக்காரர் அந்த இனம். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தெருவுக்கே சித்தப்பா. அவளுடைய சினை ஆடு ஒரு காலையில் இரண்டு முறை இருமியதும் வேலி தாண்டி வந்துவிட்டார்.

"கிருமிம்மா. உள்ள நுழையும்போதே அடிச்சிரணும்."

சட்டைப்பை மாத்திரையால் அடித்தார். மறுநாள் ஆடு துணிமூட்டையை மென்றது. "பாத்தியா? இனிமே எதுக்கு வீணா?" என்று மிச்சத்தை, மந்தமாக இருந்த ஒரு கோழிக்குக் கொண்டுபோனார்.

பத்தே நாளில் ஆடு மறுபடி சுருண்டு படுத்தது. தையல்காரி ஊசியையும் நூலையும் போட்டுவிட்டு அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கால்நடை டாக்டரம்மா ஆட்டின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"உடம்பு எதிரியோட மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள மருந்து போய் அடிச்சிருச்சு. அதையும் பாதியில நிறுத்திட்டீங்க. தப்பிச்ச கிருமி திரும்பி வந்தா, அது யாருன்னே உடம்புக்குத் தெரியல. இப்ப அஞ்சு நாள் குடுக்கணும். ஒரு வேளை விட்டாலும் குட்டி தங்காதும்மா."

மூன்றாம் நாள் ஆடு தையல் மெஷின் மேல் ஏறி நின்றது. வேலியருகே சித்தப்பா பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"அதான் டான்ஸ் ஆடுதே. மிச்ச ரெண்டு நாள் மாத்திரையக் குடு. எங்க நாய் தும்முது."

யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி போட்டதும் வாங்க சித்தப்பா. குட்டி தர்றேன். மாத்திரை தர மாட்டேன்."

அவர் கோபித்துக்கொண்டு அவளோடு பேச்சை நிறுத்தினார். ஆட்டுக்கு மாத்திரை ஐந்து நாளும் நிற்கவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது. சொன்னபடி ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தாம் காப்பாற்றிய உயிர் என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன காய்ச்சலுக்கு டாக்டர் உங்களுக்கு ஐந்து நாள் எழுதித் தந்தாரே, நான்காம் நாள் எதை விழுங்கினீர்கள்?