டேங்குக்குள் இருந்து ஒரு வணக்கம்

என் வீட்டில் ஒரு ஸ்பேனர் இருக்கிறது. வீட்டிலேயே ஆபத்தான பொருள் அதுதான் என்று நீங்கள் நினைத்தால், என்னை இன்னும் உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். (ஸ்பேனர் தானாக எங்கேயும் போகாது. நான் போவேன்.)

நான் ரிப்பேர் செய்த மிக்ஸி இப்போது கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. நான் மாட்டிய அலமாரி ஒரு மதியம் யாரையும் கேட்காமல் தரைக்கு இறங்கி வந்துவிட்டது. இவ்வளவு அனுபவம் உள்ள ஒருவன், மகளைப் பெண் பார்க்க வரும் நாளில் தண்ணீர் டேங்கைத் தானே கழுவ நினைத்தது இயற்கைதானே?

மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்திலிருந்து பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பையனும் என் மகள் கவிதாவும் மூன்று வாரமாகப் போனில் பேசி, கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அன்று காலை பார்த்து குழாயில் பச்சையாகப் பாசி வந்தது.

"வர்றவங்க இந்தத் தண்ணியிலயா கை கழுவறது?" என்றாள் என் மனைவி சாந்தி.

"பிளம்பர் நாளைக்குத்தான் வருவாராம். அரை மணி நேர வேலை, நானே பாத்துக்கறேன்."

கவிதா தலைக்குப் பூ வைப்பதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நைனா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒண்ணும் பண்ணாம இரேன்!"

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

டேங்கில் இருந்த தண்ணீரை எல்லாம் திறந்து விட்டேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே இறக்கி, அதன்மேல் கால் வைத்து நானும் இறங்கினேன். ஸ்டூல் என்னைப் பத்திரமாக உள்ளே சேர்த்துவிட்டு மூன்றாக உடைந்தது. அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தேன். (டேங்குக்குள் பாடினால் நம் குரலே நமக்குப் பிடித்துப்போகிறது. யாரும் நம்ப வேண்டாம்.)

ஒன்பதே காலுக்குத் தெருவில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். பின்னாலேயே சாந்தி மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தாள்.

"இன்னாங்க, அவங்க வந்துட்டாங்க! வெளிய வாங்க!"

எழுந்து எம்பினேன். காலுக்கு அடியில் பாசி வழுக்கியது. மறுபடி எம்பினேன். இந்த முறை தோள் வெளியே வந்தது, நெஞ்சு வந்தது, வயிறு டேங்கின் வாயில் நின்றுகொண்டது. சாந்தி என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். இருபத்தாறு வருடக் கோபத்தையும் சேர்த்து இழுத்திருப்பாள் போல. பலனில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். எல்லாம் என் வாயால் வந்தது. "எங்க மாடிக்கு வந்தீங்கன்னா கோட்டை மொத்தமும் தெரியும்" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனில் நாலு தடவை பெருமை அடித்திருந்தேன். செஞ்சியில் சொந்த வீடு கட்டியவன் வேறு எதைச் சொல்லிப் பெருமைப்படுவான்?

சாந்தி யோசிக்கவே இல்லை. என் தலையை உள்ளே அழுத்தி, மூடியைப் போட்டாள்.

"அவரு மார்க்கெட்டுக்குப் போயிருக்காருங்க. இதோ வந்துடுவாரு."

உள்ளே இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். மூட்டைகளுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரல்.

"அதோ தெரியுதே, அதானுங்களே கோட்டை மலை, ராஜகிரி?" என்றார். பிறகு, "ஏம்மா, நாங்க வர்றது அவருக்குத் தெரியும்தான?"

"தெரியுங்க."

"அப்புறம் இன்னா மார்க்கெட்டு? பொண்ணு பாக்க வர்ற நேரத்துல வீட்டுல அப்பன்காரன் இல்லன்னா அதுக்கு இன்னா அர்த்தம்? அவருக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடலாமே. டேய், கீழ போயி அம்மாவக் கூப்டு, கெளம்பலாம்."

எனக்கு வியர்த்தது. வெளியே வந்தால் மானம் போகும். வராவிட்டால் மாப்பிள்ளையே போய்விடுவான். இந்தக் கணக்கை நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே தலையில் சில்லென்று தண்ணீர் கொட்டியது.

"ஏய் கவிதா! மோட்டர ஆஃப் பண்ணு!" சாந்தியின் அலறல்.

"இப்பதாம்மா போட்டேன்! அத்தை கை கழுவணுமாம், கொழாயில தண்ணி வரல!" (இன்னும் தட்டு மாற்றவில்லை, அதற்குள் அத்தை!)

"பரவால்லம்மா, நெறையட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா பெரிய மனதோடு.

தண்ணீர் தொடையைத் தாண்டி வயிற்றுக்கு வந்தது. அவ்வளவுதான், எனக்குச் சாவு தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு எதிரில் என் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் எந்த போட்டோவைப் போடுவார்கள்? ரேஷன் கார்டில் இருக்கும் அந்தத் திருட்டு முழியைப் போட்டுவிடுவார்களோ? ஐந்தரை அடி ஆள் நாலடி டேங்கில் மூழ்கிச் சாவது எப்படி என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பயந்தவனுக்கு அளவு நாடா ஏது?

"ஐயோ!" என்று எழுந்து நின்றேன். தலையோடு மூடியும் எழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ராஜகிரியைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மலைக்கும் அவருக்கும் நடுவில் நான். தலையில் கறுப்பு மூடி, மீசையில் பாசி. அந்த நிலையிலும் வளர்ப்பு விடவில்லை. இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன.

"வாங்க, வாங்க. வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?"

அவர் விரல் எதையோ அழுத்தியது. கிளிக்.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடி வந்தான். "மாமா, மூச்ச வெளிய விடுங்க. வயித்த உள்ள இழுங்க. அப்பா, அந்தக் கையப் புடி!" இருவரும் சேர்ந்து உருவியதில் நான் வெளியே வந்தேன். லுங்கி உள்ளேயே தங்கிவிட்டது. பட்டாபட்டி டிராயரோடு சம்பந்தியின் முன்னால் நின்றேன். பையன் நாகரிகமாகக் கோட்டையைப் பார்த்தான்.

சத்தம் கேட்டு மேலே வந்த அவன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறைக்க என்னிடம் இனி எதுவுமில்லை; பாசி வந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சாந்தி பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குதும்மா. ஃபேன் மாட்டறேன்னு ஏணியில ஏறி, பத்து நாளு கழுத்து திரும்பல. பிளம்பருன்னாலே சண்டைக்குப் போவாரு."

"அது வேற விஷயம்டி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கழுத்தைத் தடவிக்கொண்டே.

"இன்னா வேற? கெளம்பலாம்னு நீங்க கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சே, அவரு இஷ்டமில்லாமயா இவ்ளோ பாடு பட்டாரு?"

மனுஷருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குள் இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு கீழே போய்விட்டார்கள். நான் துண்டு தேடிக் கட்டிக்கொண்டு வருவதற்குள் நிச்சயத் தேதிவரை பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் தலையாட்டினோம்.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. சம்பந்தி தன் போனில் என் நம்பருக்கு அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறார். நான் கூப்பிடும்போதெல்லாம், மண்டியில் கல்லா மேசைமேல், ராஜகிரிக்கு முன்னால் கைகூப்பியபடி எழுந்து நிற்கிறேனாம். ஒரு சாவு சேதி சொல்லக் கூப்பிட்டாலும் இதே கோலம்தான். மூட்டை தூக்கும் ஆட்களுக்கு என் பெயரும் தெரியாது, நான் யாரென்றும் தெரியாது. போன் அடித்ததும் அங்கிருந்தே கத்துவார்கள்:

"அண்ணே, டேங்க் கூப்புடுது!"