கிட்டார் கூப்பிட்டால் மட்டும் வருகிறாள்

அன்பும் மரியாதையும் கொண்ட அண்ணாவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று டாக்டர் சொல்கிறார், உன் மாப்பிள்ளை சொல்கிறார், கீழ்வீட்டுத் தையற்காரம்மாவும் சொல்கிறார். எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றவில்லை. உன் சௌக்கியத்தையும் அண்ணியின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்தான், ஆனால் அதைப் பதிலில் எழுத வேண்டாம், நேரில் வந்து சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வர வேண்டும். உன் கல்யாணத்தின்போது அண்ணி வீட்டுக்குள் விடமாட்டேன் என்றதால் எங்கள் அலமாரியின் அடித்தட்டில் தற்காலிகமாக வைத்துவிட்டுப் போனாயே, அந்த இசைத்தட்டுப் பெட்டியை ஒன்பது தொகுப்புகளோடு எடுத்துப் போக வேண்டும். தற்காலிகம் ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுப் போனை அண்ணியிடம் கொடுப்பாய், அவரும் சிரிப்பார். அதனால்தான் வேலையெல்லாம் முடித்து இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மருமகள் பட்டாணிக்கு வருகிற பதினேழாம் தேதியோடு ஒரு வயது பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அம்மா’ இல்லை, ‘அப்பா’ இல்லை, ‘தா’ கூட இல்லை. வேண்டிய பொருளுக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாள், காட்டிவிட்டு மேலதிகாரி மாதிரி நிற்கிறாள். தையற்காரம்மாவின் பையன் ஒன்பதாம் மாதத்திலேயே ‘நூல்’ என்றானாம். அது வாயில் போட்ட நூலைத் துப்பிய சத்தமாக இருக்கும் என்கிறார் உன் மாப்பிள்ளை, ஆனால் அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், யார் எது சொன்னாலும் எந்த இடத்தில் உரசுகிறது என்றுதான் கேட்பார். பேச்சு வராதது ஒரு பயம் என்றால் அதற்குக் கீழே படுத்திருக்கும் பயம் வேறு. கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. ‘வா’ என்கிறேன், ‘வாடி செல்லம்’ என்கிறேன், ‘இங்க வா பாக்கலாம்’ என்கிறேன், முதுகைக் காட்டியபடி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். காது கேட்கிறதா என்று பார்க்க அவளுக்குப் பின்னால் நின்று குக்கர் மூடியைத் தரையில் போட்டேன். அவள் திரும்பவில்லை, கீழ்வீட்டிலிருந்து தையற்காரம்மா ஓடிவந்தார். மறுநாள் அதைவிடப் பெரிய மூடி, மறுபடியும் தையற்காரம்மாதான் வந்தார். மூன்றாம் நாள் அவர் சட்டையில் பொத்தான் தைத்தபடி எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். அவள் அப்பா வேலை முடிந்து வரும்போது மட்டும் இவள் வாசலுக்கு ஓடுகிறாள், அது கதவின் சத்தம் கேட்டு ஓடுவதா, கதவு அசைவதைப் பார்த்து ஓடுவதா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை, அலமாரியைத் துடைக்கிறேன் என்று உட்கார்ந்த உன் மாப்பிள்ளை, துடைக்காமல் உன் பெட்டியைத் திறந்து மூன்றாம் தொகுப்பை எடுத்துப் போட்டார். உனக்குத் தெரிந்ததுதான், அண்ணியும் படிப்பார் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அறுபதுகளில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே நின்று கிட்டார் அடித்தார்கள், ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள், முந்நூறு பிரதி, அதையும் சொந்தக்காரர்கள்தான் வாங்கினார்கள், அப்புறம் காணாமல் போனார்கள், பல வருஷம் கழித்து யாரோ பழைய சாமான் கடைகளில் அவற்றைப் பொறுக்கி, பக்கத்துக்கு எட்டுப் பாட்டாகக் கோத்து, தொகுப்பு ஒன்று, தொகுப்பு இரண்டு என்று வெளியிட்டார்கள். இதைத்தான் நீ சைக்கடெலிக் கேரேஜ் ராக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். மூன்றாம் தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில், தமிழில் சொன்னால் ‘ஊதா நிறப் பல்வலி’ என்று பொருள்படும் ஒரு குழு இருக்கிறது. அவர்கள் பாட்டின் நடுவில் பாடகன் கத்தி ஓய்ந்ததும் கிட்டார் தனியாக ஆரம்பித்தது. ஆரம்பித்து, அண்ணா, தெளிவாக, நல்ல உச்சரிப்போடு, ‘வ்வாஆ… வ்வாஆ…’ என்றது. பட்டாணி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நேராக ஸ்பீக்கரிடம் போய் அதன் துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

உன் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாத, அது ஒரு மிதி. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கும். கால்ல அமுக்குனா சத்தம் வாயைத் திறந்து மூடுற மாதிரி ஆகும்,” என்றார்.

“வாயைத் திறந்து யாரைக் கூப்பிடுது?”

“யாரையும் கூப்பிடல. அவங்க பாஷையில அது ‘வா’வே இல்ல.”

“பட்டாணிக்குத் தமிழ்தானே தெரியும்?”

நான் கூப்பிட்டு வராத குழந்தை, யாரோ முகம் தெரியாத பையன் காலால் கூப்பிட்டதும் போகிறாள் என்றால் ஒரு தாய் என்னதான் நினைப்பாள்? யார் இந்தப் பையன் என்று பார்க்க அன்றே இசைத்தட்டு உறைகளின் அட்டைக்குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன், ஒன்பது தொகுப்புகளையும் மூன்று நாளில் முடித்தேன். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை. மூன்றாம் தொகுப்பில் பதினாறு குழு, அதில் பதினொன்றுக்கு ‘இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை’ என்று ஒரே வரி. ஒரு டிரம்ஸ்காரரைக் கடைசியாகப் பேருந்து நிலையத்தில் பார்த்தார்களாம், எந்தப் பேருந்தில் ஏறினார் என்று கவனிக்கவில்லையாம். கார் ஷெட் என்றால் அதை ஒட்டி ஒரு வீடு இருந்திருக்கும், வீடு என்றால் அதில் ஒரு அம்மா இருந்திருப்பாள், அத்தனை பிள்ளைகளும் எங்கே போனார்கள் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? ஒருவரும் கேட்கவில்லை. பல்வலிக் குழுவின் கிட்டார்ப் பையனைப் பற்றி மட்டும், பாட்டு வெளிவந்த மறுவாரமே அவன் அம்மா கிட்டாரையும் மிதியையும் விற்றுவிட்டதாக எழுதியிருக்கிறது. ஒன்பது தொகுப்பிலும் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே மனுஷி அவர்தான்.

நான் படித்துக்கொண்டிருந்தபோது பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாம் தொகுப்பின் அட்டையை நக்கிவிட்டாள். ஐந்தாம் தொகுப்பின் அட்டையில் என்ன படம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மெழுகு உருகுவது போன்ற எழுத்துகளுக்கு நடுவே காளான். சிவப்புத் தலை, வெள்ளைப் புள்ளி, தண்டில் பாவாடை மாதிரி ஒரு வளையம். தாவரவியல் படித்தவளுக்கு அது விஷக்காளான் என்று தெரியாமல் இருக்குமா? விஷமுறிவு உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எத்தனை காளான் சாப்பிட்டாள் என்று கேட்டார் அங்கிருந்தவர். சாப்பிடவில்லை, நக்கினாள், அதுவும் படத்தை என்றேன். படத்தையா என்று கேட்டார். அட்டை எப்போது அச்சானது என்று தெரியவில்லை, பழைய மையில் ஈயம் இருக்கலாம் இல்லையா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பாவம் நல்ல மனிதர், குழந்தை இப்போது என்ன செய்கிறது என்று கேட்டார். ஆறாம் தொகுப்பைத் தேடுகிறாள் என்றேன். அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறாள், நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் என்று வைத்துவிட்டார்.

இனியும் தள்ளிப்போட முடியாது என்று போன வியாழக்கிழமை காது சோதிக்கும் நிபுணரிடம் கூட்டிப்போனோம். எதற்காவது திரும்புவாள் என்றால் அதைக் கொண்டுவாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் கிலுகிலுப்பை கொண்டுவந்திருந்தார்கள், நாங்கள் பல்வலிக் குழுவைப் போனில் பதிவு செய்து கொண்டுபோனோம். சத்தம் புகாத கண்ணாடி அறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிபுணர் அம்மாள் வலப்பக்கம் மணி அடித்தார், இடப்பக்கம் மணி அடித்தார், முரசு மாதிரி ஒன்றைத் தட்டினார். இவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இனி யார் யாருக்குக் கதை சொல்வது, தூரத்திலிருந்து வண்டி வந்தால் யார் இவளைக் கூப்பிட்டு நிறுத்துவது என்று என் மனதில் என்னென்னவோ ஓடியது, அண்ணா. பிறகு அவர் எங்கள் பாட்டைப் போட்டார், மிக மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு. கிட்டார் ‘வ்வாஆ’ என்றதும் பட்டாணி மடியிலிருந்து இறங்கி நடந்து போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டாள். காதுக்குள்ளும் கருவி வைத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“காது ரெண்டும் நல்லாவே கேக்குதும்மா. இந்த அரை மணி நேரத்துல நீங்க நாப்பத்தி ரெண்டு தடவை அவளை ‘வா’ன்னு கூப்பிட்டீங்க, நான் எண்ணுனேன். அவ திரும்பலேன்னதும் நீங்களே பிடிச்சு என்ன பண்ணீங்க? மூக்கைத் துடைச்சீங்க, நெத்தியத் தொட்டுப் பாத்தீங்க, வாயைத் திறந்து பாத்தீங்க. கிட்டார் கூப்பிட்டா அதெல்லாம் பண்ணாதே.”

உன் மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த காது படத்தை மும்முரமாகப் பார்த்தார், தோள் குலுங்கியது. பேச்சு எப்போது வரும் என்று கேட்டேன். ரெண்டு வயசு தாண்டட்டும், முதல்ல ஒரு பத்து நாள் நீங்க கூப்பிடாம இருந்து பாருங்க என்றார். ஜுரத்துக்கு மருந்து உண்டு, இதற்கு நான் வாயை மூடுவதுதான் மருந்தாம். இன்று நான்காம் நாள். கூப்பிடவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கி விழுங்கி எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நான் கூப்பிடாத வீட்டில் யார் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? தினமும் சாயங்காலம் அப்பா கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப்போகிறாள், அவர் போடுகிறார், அது கூப்பிடுகிறது, இவள் போகிறாள். பத்து நாள் முடிந்து நான் வாயைத் திறக்கும்போது அந்த வார்த்தையே என்னுடையதாக இருக்காது என்றுதான் பயப்படுகிறேன். அதனால் பெட்டி போக வேண்டும். அதுவும் போயிட்டா வீட்டுல அவளைக் கூப்பிட யாருதான் இருக்காங்க என்கிறார் உன் மாப்பிள்ளை. அவர் பேச்சைக் கேட்காதே, வண்டியோடு வா.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல், பெட்டியை அவர் உள்ளே விடாவிட்டால் உன் அலுவலகத்தில் வை. வயதில் சிறியவள் நான் உங்களை வாழ்த்துவது முறையல்ல, ஆகவே நீங்கள் இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே உன் மருமகளை வாழ்த்துங்கள், பேசட்டும் என்று ஒரு வரி போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாயைக் கட்டியிருக்கும் உன் தங்கை

பி.கு.: காலையில் உறையை ஒட்டப் போகும்போது எழுதுகிறேன். வண்டி பேச வேண்டாம். பெட்டி இங்கேயே இருக்கட்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், சமையலறை வாசலில் அவள் வந்து நின்றாள், உதட்டை மூடி மெதுவாகத் திறந்து, ‘வ்வாஆ’ என்றாள். ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, தொடவில்லை. அரை மணி நேரமாக இதே வேலையாக இருக்கிறாள். அவள் அப்பா பாதி சவரத்தில் வந்தார், தையற்காரம்மா ஊசியோடு மேலே வந்தார், தண்ணீர் கேன் போடுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடு வீடு வரை வந்துவிட்டார். மாடிப்படியில் முன்பின் தெரியாதவர்களும் போகிறார்கள் வருகிறார்கள். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொல்லியிருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா, அவள் இப்படிக் கூப்பிட்டால் யார்தான் வராமல் இருப்பார்கள்?