உடைந்த டைலும் ஏழு கிலோ ஈயமும்

மேல் பிரிவு, நான்காம் லயம்,
இரத்தோட்டை.

மரியாதைக்குரிய ஜீவராஜ் மாமா அவர்களுக்கு,

மருமகன் தர்சன் எழுதிக்கொள்வது. நீங்களும் மாமியும் ரஜனியும் தம்புள்ளையில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். நினைத்துக்கொண்டேன், தொடங்கிவிட்டேன். அடுத்ததாக நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு வரியில் எழுத வேண்டும். ஒரு வரி போதாது, அது கீழே வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் "டைல்" என்ற சொல் வந்ததும் வெட்டிவிட்டீர்கள். குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் கேட்பதில்லை, மாமி கேட்டு அழுகிறார். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் அதற்கு முதலில் பிரிக்க வேண்டும், பிரித்தால் கண் இரண்டு வரியாவது படித்துவிடும். அந்த இரண்டு வரியையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்கள் ஹோட்டல் நீச்சல் தடாகத்துப் பக்கத்து டைல் கை தவறி உடைந்தது என்று மனேஜரிடம் நான் சொன்னது பொய். போட்டுத்தான் உடைத்தேன்.

பதினெட்டு வருஷமாக அந்த ஹோட்டலுக்கு மரக்கறி லொறி ஓட்டும் நீங்கள், என்னால் மனேஜர் முன்னால் அரை மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். டைலுக்குக் கேட்கவில்லை.

நான் ஏன் மலையை விட்டுத் தண்ணீருக்குள் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் தெரியாதவர் மாதிரி எல்லோரிடமும் பேசுகிறீர்களாம். முப்பதாம் திகதி தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலிலிருந்து அம்மாவின் பேரை வெட்டுகிறார்கள். வயது அறுபது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து செக்ரோலில் ஒரு பேர் இல்லாவிட்டால் லயத்தில் நாங்கள் இருக்கும் இந்த ஒற்றை அறைக் காம்பராவை வேலை செய்யும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் அம்மா சாணி போட்டு மெழுகிய தரை அது. ஒன்று நான் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு எங்காவது வேலையும் இருக்க ஓர் அறையும் தேட வேண்டும். அப்போதுதான் நீங்கள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தீர்கள். தோட்டத்து இளைஞர்களுக்கு தண்ணீருக்கடியில் நீந்த இலவசமாகச் சுழியோடிப் பயிற்சி, இடம் உங்கள் ஹோட்டல், தேறினால் திருகோணமலையில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் கடையில் வேலை, தங்க அறையும் உண்டு. அம்மா யோசிக்கவே இல்லை. "ஒங்கப்பா பேரு குடுத்தாரு, நானும் குடுத்தேன். நீயாவது தண்ணிக்குள்ள போயி தப்பிச்சுக்கோடா" என்றார். தரையில் தப்பிக்க வழி இல்லை என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

கேடு பயிற்சிக்கான படிவத்திலேயே தொடங்கியது. உடல் எடை என்று ஒரு கட்டம். லயத்தில் ஆளை நிறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது? கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் போய் கொக்கியைப் பிடித்துத் தொங்கினேன். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. கணக்கப்பிள்ளை கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டு" என்றார்.

"ஐயா, அம்பத்திரெண்டு காட்டுதே."

"தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ரெண்டு."

"நான் நனையவே இல்லைங்க. சாக்கும் இல்லைங்க."

"சாரம் கட்டியிருக்கேல்ல?"

அவரை நான் குறை சொல்லவில்லை. கொழுந்து ஈரம், சாக்கு கனம் என்று தினமும் கழித்துப் பழகியவர், கழிக்காமல் எழுத அவர் பேனாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா பதறிப்போனார். "நாப்பத்தெட்டுன்னு போட்டா அங்க இன்னும் கழிப்பாங்கடா. கழிச்சு என்ன மிஞ்சும்? எழுவதுன்னு எழுது. எப்பிடிக் கழிச்சாலும் ஆளு நிப்ப." வாழ்நாளில் ஒருநாளாவது பறித்த கிலோ பறித்த கிலோவாகக் கணக்கில் ஏறிப் பார்க்காத ஒருவர் சொல்வது எனக்கு நியாயமாகப் பட்டது. எழுபது என்று எழுதினேன்.

நாங்கள் ஆறு பேர். ஹோட்டலுக்குள் குசினிப் பக்கத்துக் கேட் வழியாகத்தான் விடுவார்கள், நீச்சல் தடாகத்தில் வெள்ளைக்காரர்கள் எழும்புவதற்கு முன் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான் இடம், இறங்குவதற்கு முன் மூன்று தடவை குளிக்க வேண்டும். அவர்கள் எத்தனை தடவை குளிக்கிறார்கள் என்று கேட்டேன், செக்யூரிட்டி சிரிக்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் மாத்தளை கொங்காவெல அன்ஸார் நானா, பதினைந்து வருஷம் மாலைதீவில் கடலுக்குள் இருந்தவர், நல்ல மனிதர், வாய் மட்டும் கெட்டது. முதல் நாள் ஆளுக்கொரு முகமூடி கொடுத்தார். மாமா, நான் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் அப்பா சிவலிங்கம் ஒன்பது வருஷம் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தார். ஒரு நாளும் அவர் முகத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இருமி இருமித்தான் போனார். மீன் பார்ப்பதற்கு முகமூடி இருக்கிறது, மருந்து அடிப்பதற்கு இல்லை.

எல்லோருக்கும் இடுப்பில் ஈயக்கட்டி கோர்த்த பெல்ட் ஒன்று கட்டுவார்கள், மிதக்காமல் இருக்க. ஆளின் எடையில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ ஈயம். படிவத்தைப் பார்த்து எனக்கு ஏழு கட்டினார். நெஞ்சளவுத் தண்ணீரில் நாங்கள் ஆறு பேரும் அடியில் போய்க் கருங்கல் மாதிரி உட்கார்ந்தோம். அன்ஸார் நானாவுக்குச் சந்தோஷம். "மாலைதீவுல வெள்ளக்காரன் ஒரு கிழமையா மிதந்துக்கிட்டே ஈப்பான். நீங்க பாருங்க, முதல் நாளே எப்பிடி அடங்கி ஈக்கிறீங்க!" அடங்கி இருப்பது எங்களுக்குப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரைக் கண்டும் எங்களுக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டோம். எழும்பி நின்றால் தண்ணீர் நெஞ்சளவுதானே.

அவர் ஒரே ஒரு சட்டத்தைத்தான் நூறு தடவை சொன்னார். தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கக் கூடாது, விட்டு விட்டு இழுக்க வேண்டும், பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். எனக்கு அது மட்டும் வரவில்லை. நானும் இரண்டு வருஷம் பேர் பதியாமல் அன்றாடக் கைக்காசுக்கு மருந்து அடித்தவன், உங்களுக்கு அம்மா சொல்லியிருக்க மாட்டார். முகமூடி கேட்டபோது கங்காணி சொன்ன வைத்தியம் இதுதான்: "விசிறும்போது மூச்சப் புடிச்சுக்க, காத்து அந்தப் பக்கம் போனதும் வுடு." அதை உடம்பு படித்துவிட்டது. ஆபத்து என்றால் என் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாம் கிழமை பல்லேகமப் பக்கத்து நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். படகிலிருந்து பின்பக்கமாக விழச் சொன்னார் அன்ஸார் நானா. விழுந்தேன். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், நான் நேரே அடிக்குப் போனேன். கயிற்றைப் பிடிக்க நினைத்தபோது கயிறு தலைக்கு மேலே இருந்தது. காது இரண்டும் குத்தியது, தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கால் சேற்றில் முழங்கால் வரைக்கும் புதைந்தது. எதிரே சீமெந்துப் படி மூன்று, அதற்கு மேலே வீடு இல்லை. தேக்கம் கட்டுவதற்காக யாரோ எழும்பிப் போகச் சொல்லப்பட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் படியைக் கண்டதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. வாயில் குழாய், முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று, நான் மருந்து அடிக்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அன்ஸார் நானா வந்து என் வயிற்றில் குத்தினார். குத்தியபோதுதான் மூச்சு வெளியே போனது. என் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு குத்தாக விட்டு என்னை மேலே கொண்டுவந்தார்.

கரையில் ஒரு மணித்தியாலம் இருமினேன். பக்கத்துத் தோட்டத்து விதுஷா, எங்களில் நன்றாக நீந்தியவள், துவாயை என் மேல் போட்டுவிட்டு, "என்ன தர்சண்ணா, அடியில காணி பாக்கப் போனீங்களா?" என்றாள். எங்களுக்கு யார் காணி தரப்போகிறார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்ஸார் நானா சிரிக்கவில்லை. கரையில் மீன் விற்பவரின் தராசைக் கொண்டுவரச் சொல்லி என்னை நிறுத்தார். ஐம்பத்திரண்டு.

"எழுவதுன்னு எழுதி ஈக்கிறாயே, ஏன்டா பொய் சொன்னாய்?"

"பொய் இல்ல நானா. கழிப்பீங்கன்னு கூட்டி எழுதினேன்."

"யாரு கழிக்கிற? எதுக்குக் கழிக்கிற?"

அவருக்கு விளங்கவில்லை. சந்தேகம் வந்து மற்றவர்களையும் நிறுத்தார். விதுஷா நாற்பத்தொன்று, எழுதியது அறுபத்தைந்து. எங்களில் ஐந்து பேர் கூட்டி எழுதியிருந்தோம். கூட்டாதவன் ஒருவன்தான், இரத்தோட்டைச் சில்லறைக் கடை முதலாளியின் மகன். ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஐந்து பேரும் ஒரே தவறைச் செய்திருக்கிறோம். அன்ஸார் நானா மீன் தராசுக்குப் பக்கத்தில் குந்தினார். "யா அல்லாஹ், அஞ்சு பேரை மவுத்தாக்கப் பாத்தேனே" என்றார். பிறகு எழும்பிச் சத்தம் போட்டார். "டொக்டர் கடுதாசியும் இன்னும் இல்ல. முதல் நாளே கேட்டேன். கடுதாசி வராம இனி ஒருத்தரையும் தண்ணிக்கு எறக்க மாட்டேன்."

டொக்டர் கடுதாசி முதலில் எடுக்க வேண்டியது. பயிற்சியை நடத்திய கொழும்பு மிஸ், எல்லோரையும் ஒரே நாளில் காட்டலாம் என்று மூன்று கிழமை தள்ளிப்போட்டிருந்தார். மாத்தளையில் டொக்டர் என் முதுகில் குழாயை வைத்து நிறைய நேரம் கேட்டார். என்ன வேலை செய்தாய் என்றார். சொன்னேன். "இந்த நெஞ்சோடு தண்ணீருக்குள் போகக் கூடாது, தம்பி. இனி எப்போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதுஷா தேறினாள். எனக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று நினைத்து, பஸ்ஸில் நித்திரை மாதிரி இருந்தேன்.

இனி டைல். அடுத்த நாள் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க ஹோட்டலுக்கு வந்தேன். மிஸ் கமராக்காரரோடு நிற்கிறார். தண்ணீருக்கு அடியில் ஆறு பேரும் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டுமாம். பதாகையில் "கொழுந்திலிருந்து கடலுக்கு" என்று எழுதியிருந்தது. நான் டொக்டர் கடுதாசியைக் காட்டினேன். வாசித்தார். மடித்து என் கையிலேயே தந்தார்.

"அது பாவம்தான் தம்பி. ஆனா படத்துல ஆறு பேர் இருக்கணும். பத்து நிமிஷம்தானே, இறங்குங்க."

"மிஸ், எனக்குத் தண்ணிக்குள்ள போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"வேலைக்குத்தான் தம்பி அது. படத்துக்கு இல்ல."

பெல்ட் என் கையில் இருந்தது. தோள் உயரத்துக்குத் தூக்கிப் போட்டேன். டைல் நட்சத்திரம் மாதிரி வெடித்தது. மிஸ்ஸின் காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் போட்டேன், அதை நீங்கள் மனேஜரிடம் சொல்லலாம். கெட்ட வார்த்தை பேசினேன் என்பது பொய். பேசத் தெரிந்த வார்த்தை எதுவும் அந்த நேரம் போதவில்லை.

ஆகவே மாமா, கடல் முடிந்தது. நாளைக் காலை செக்ரோல் ஒபிசில் என் பேரைக் கொடுக்கிறேன். கைக்காசுக்கு வேலை செய்தவனை இனி முறைப்படி எழுதுவார்கள், காம்பரா அம்மாவிடமே இருக்கும். இதைச் சொன்னபோது அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்கு இதில் பெருமை இல்லை, ஆனால் முப்பதாம் திகதிக்கு முன் ஒரு முடிவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நியாயம் பேச வருவதாக மாமியிடம் சொன்னீர்களாம். வர வேண்டாம். எல்லாம் தீர்ந்துவிட்டது.

மாமிக்கு என் வணக்கம், ரஜனியை ஓ.எல். பரீட்சை முடியும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். அம்மா உங்கள் மூவருக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும் என்று எழுதச் சொன்னார், மனேஜருக்கும் சேர்த்து எழுதச் சொன்னார், அதை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
சி. தர்சன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பேர் கொடுக்கப் போய் வந்துவிட்டேன். புது ஆள் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் நெஞ்சு பார்க்க வேண்டுமாம். டிஸ்பென்சரி ஐயா குழாயை வைத்துக் கேட்டார், இடம் மாற்றி வைத்து மறுபடியும் கேட்டார். "மருந்து அடிச்சியா? எங்க?" என்றார். "இங்கதாங்க, ஒங்க ஜன்னலுக்குப் பின்னால உள்ள மலையில" என்றேன். புத்தகத்தைப் புரட்டினார். "ஒன் பேரு எங்கயும் இல்லையே." கைக்காசுக்கு அடித்தவனுக்குப் பேர் கிடையாது, பேர் இல்லாதவனுக்கு நோயும் கிடையாது. "இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு ஒன்ன எடுத்தா நாளைக்கு தோட்டமில்ல பதில் சொல்லணும்" என்று பேனாவை மூடிவிட்டார். ஆகவே மேலே எழுதியதில் டைலைப் பற்றியது மட்டும் நிற்கட்டும். மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள், வர வேண்டாம் என்றதையும். வெள்ளிக்கிழமை மரக்கறி இறக்கியதும் லொறியோடு நேரே இங்கே வாருங்கள். அம்மா பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். எங்கே போகிறோம் என்று அவர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் வந்து இறங்கியவுடன் அதைக் கேட்காதீர்கள்.