கலெர்வோ வீட்டுக் காற்று

"மூணு வாரம்! வெறும் மூணே வாரம்!" என்று சலவை அறையிலிருந்து கலெர்வோ போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது.

அவர் மனைவி ஐலா காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, "என்ன மூணு வாரம்?" என்றாள்.

"ஃபில்டர்! ஆறு மாசம் உழைக்கும்னு பெட்டி மேலயே அச்சடிச்சு வெச்சிருக்கான். வந்து பாரு, அடுப்புக்கரி மாதிரி இருக்கு!"

ஐலா வந்து பார்த்தாள். கரிதான்.

கயானி ஊரில் ஜனவரி மாதம் சன்னலைத் திறந்து காற்று வாங்குகிறவன் பைத்தியக்காரன். வெளியே மைனஸ் இருபத்தைந்து. அதற்காகத்தான் சலவை அறைச் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி. வீட்டில் புழுங்கிய காற்றை அது வெளியே தள்ளும். தள்ளுவதற்கு முன் அதன் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு, வெளியிலிருந்து வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடும். போகிற காற்றுக்கு ஒரு ஃபில்டர், வருகிற காற்றுக்கு ஒரு ஃபில்டர். எது எதற்கு என்று ஒட்டியிருந்த சீட்டு என்றைக்கோ உரிந்து போயிருந்தது. போனால் போகட்டும். பெட்டிக்கு இடது பக்கம் வெளிச்சுவர் இருக்கிறது; ஆகவே இடது ஃபில்டர் வெளிக்காற்றுக்கு, வலது ஃபில்டர் வீட்டுக் காற்றுக்கு. முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தி, பாதி ஊரை ஃபெயிலாக்கி அனுப்பிய மனிதருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வலது ஃபில்டரையும் உருவிப் பார்த்தார். ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. ஓர் ஓரத்தில் ஒரு செத்த ஈ, நாலைந்து பிர்ச் மர விதை.

"பாத்தியா? நம்ம வீட்டுக் காத்து எவ்வளவு சுத்தம்! ஆனா இந்த விதை எப்படி உள்ள வந்துச்சு? கதவைத் திறந்து போட்டுட்டு யார்கிட்ட அரட்டை அடிச்ச?"

"நான் எந்தக் கதவையும் திறந்து போடல."

"அப்போ ஈ சாவி போட்டுத் திறந்துட்டு வந்துச்சாக்கும்."

ஐலா காப்பியிடம் திரும்பிப் போனாள். நாற்பது வருடம் குடித்தனம் செய்தவள் அவள்.

ஃபில்டர் விற்ற கடைக்கு கலெர்வோ போன் போட்டார். ஏமாற்றுக்காரர்கள், பகல் கொள்ளைக்காரர்கள் என்று ஆரம்பித்து, நுகர்வோர் குறைதீர் மன்றம் வரை போனார். அந்தப் பெண் முழுதும் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்: "வெளிக்காத்து ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் கறுக்கணும்னா, பக்கத்துல யாராவது விறகு எரிக்கணும் சார். எரிக்கறாங்களா?"

கலெர்வோ சன்னல் வழியே பார்த்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தௌனோ. தௌனோவின் புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை வேறு.

சனிக்கிழமை ஆறு மணிக்கு தௌனோ வீட்டுச் சவுனாவில் நீராவிக் குளியல். கலெர்வோ வீட்டிலும் சவுனா உண்டு, மின்சார அடுப்பு வைத்தது. அதில் உட்கார்ந்தால் ரொட்டி வாட்டும் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தௌனோவுடையது விறகு அடுப்பு. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த காலத்தில் கனத்த இரும்புத் தகட்டில் அவரே பற்றவைத்துச் செய்தது. அதன் கற்கள் மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினால் எழும் ஆவி, முதுகைத் தடவி, தோளைத் தளர்த்தி, வாரம் முழுக்கச் சேர்ந்த எரிச்சலையெல்லாம் இறக்கிவிடும். இருபத்து நாலு வருடமாக கலெர்வோ ஒரு சனிக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. அது இல்லாத வாரத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அன்றும் போனார். பக்கத்தில் பக்கத்தில் துணியில்லாமல் உட்கார்ந்து இரண்டு பேரும் வேர்த்தார்கள். சவுனாவில் உட்கார்ந்துகொண்டு சண்டை பிடிக்கிற வழக்கம் இந்த ஜனங்களிடம் கிடையாது. ஆகவே கலெர்வோ வாயைத் திறக்கவில்லை. சுட்ட சாஸேஜ் இரண்டு சாப்பிட்டார். நன்றி சொன்னார். வீட்டுக்குப் போய் ஒரு சீட்டு எழுதி, திரும்பி வந்து தௌனோ கதவில் ஒட்டினார்.

'தங்கள் அடுப்புப் புகை பிறர் வீட்டு ஃபில்டரை நாசம் செய்கிறது. கவனிக்கவும்.'

மறுநாள் கலெர்வோ கதவில் ஒரு சீட்டு இருந்தது.

'இனிமேல் ரெண்டு வருஷம் காய்ந்த பிர்ச் விறகு மட்டும். சனிக்கிழமை ஆறு மணி.'

கலெர்வோ புது ஃபில்டர் வரவழைத்தார். இந்தத் தடவை சாதா ரகம் இல்லை. மகரந்தத் தூளையே மறிக்கும் மெல்லிய ரகம், இரண்டு மடங்கு விலை. அதைப் போட்டதிலிருந்து இயந்திரம் பல்வலி வந்த மாதிரி முனகத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் இடது ஃபில்டர் கன்னங்கரேல். வலது ஃபில்டர் வெள்ளை.

அவர் அந்தக் கறுப்பை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "பைன்! ஐலா, இது பைன் மரம் எரிஞ்ச வாசம்! பிர்ச்னு எழுதி ஒட்டிட்டு, திருட்டுத்தனமா பைன் எரிக்கறான்!"

"தௌனோவா? அவனுக்குப் பொய் சொல்லவே வராதே."

"மூக்கு பொய் சொல்லுமா?"

கோபம் வந்தால் கலெர்வோவுக்கு ஒரே மருந்துதான். நாலு ஜோடி மரப் பனிச்சறுக்குக் கட்டைகள் வைத்திருந்தார். பிளாஸ்டிக் கட்டையில் போகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. மரக்கட்டையின் அடியில், மரத்தை வாட்டி வடித்த தார் பூச வேண்டும். பூசிய தாரை ஊதுவிளக்கு நெருப்பில் குமிழ் வரக் காய்ச்ச வேண்டும். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வெளிக்குளிரில் தார் பிடிக்காது. எனவே சலவை அறையில், ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரம். இந்தக் குளிர்காலத்தில் கோபம் அதிகம் என்பதால் கட்டைகள் பளபளவென்று இருந்தன.

"கண்ணு எரியுது கலெர்வோ," என்று ஐலா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"தார் வாசம் உடம்புக்கு நல்லது."

"காயப்போட்ட துணியெல்லாம் நாறுது."

"காத்தை மாத்தத்தான் மெஷின் இருக்கே! பக்கத்து வீட்டுக்காரன் புகையைச் சலிச்சு சலிச்சு அதுக்கு உயிர் போகுது, பாவம். அதைப் போய்க் கேளு!"

இரண்டாவது சீட்டு போனது. தௌனோ ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி, உறைபனியில் விரல் விறைக்க, புகைபோக்கியை ஒரு மீட்டர் உயர்த்தினார். அறுபத்தெட்டு வயது. கீழே நின்று கலெர்வோ ஏணியைப் பிடித்துக்கொண்டார்; சண்டை வேறு, ஏணி வேறு.

"இப்போ சரியாயிடும்," என்றார் தௌனோ, இறங்கி வந்து.

"பாக்கலாம்," என்றார் கலெர்வோ.

பார்த்தார். பத்தே நாளில் கறுப்பு.

இனிப் பொறுக்க முடியாது என்று சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். இரண்டு வீடு என்றாலும் அது முறையாகப் பதிவு பெற்ற குடியிருப்புச் சங்கம். உறுப்பினர்கள் இரண்டு பேர். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவர். இந்த ஆண்டு கலெர்வோ. ஓட்டு சமமாக விழுந்தால் தலைவர் பக்கமே வெற்றி என்பது விதி. இருபத்து நாலு வருடத்தில் அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை.

கூட்டம் கலெர்வோவின் சமையல் மேசையில் நடந்தது. ஐலா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துவிட்டு, இந்தக் கூத்தைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள்.

"உறுப்பினர்கள் ரெண்டு பேரும் வந்திருக்கறதால கூட்டம் செல்லும்," என்று கலெர்வோ படித்தார். "தீர்மானம்: புகைபோக்கி சங்கத்தோட பொதுச் சொத்து. அதுல விறகுப் புகை விடறதை இன்னையோட நிறுத்தணும். உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

தௌனோ தலையைத் தூக்கினார். "என்ன, 'றீங்களா'வா? என்னைக்குடா நீ என்னை நீங்கன்னு கூப்பிட்ட?"

"இது கூட்டம். கூட்டத்துல மரியாதை உண்டு."

"சரிங்க தலைவரே. நான் எரிக்கறது பிர்ச் மட்டும்தாங்க."

கலெர்வோ இரண்டு ஃபில்டரையும் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது எங்க வீட்டுக் காத்து. வெள்ளை. இது நீங்க எங்களுக்கு அனுப்பற காத்து. இதைச் சுவாசிச்சிட்டு நானும் என் பொண்டாட்டியும் உயிரோட இருக்கறதே பெரிசு. முகர்ந்து பாருங்க!"

தௌனோ முகரவில்லை. கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடியது. "இவ்வளவா?" என்றார் மெதுவாக. "இவ்வளவு அழுக்கா நான் விட்டுட்டிருந்தேன்?"

ஓட்டெடுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. தலைவர் வென்றார். தௌனோ குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டு, ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனார்.

அந்த வாரமே அடுப்பைக் கழற்றினார். நூற்றுப் பத்து கிலோ இரும்பு. பழைய இரும்பு வண்டியில் அதை ஏற்றியபோது கலெர்வோ சன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். புகைபோக்கியின் வாயில் தகரம் அடிக்கப்பட்டது. சவுனாவில் மின்சார அடுப்பு வந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு கலெர்வோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தௌனோ வீட்டு முன்வாசலில் நின்றார். கதவில் ஒரு சீட்டு இருந்தது.

'இனி இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி அடுப்பு. அவரவர் வீட்டில் குளிக்கலாம்.'

அதை இரண்டு தடவை படித்தார். மனசில் எழுந்ததைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி இரண்டு ஜோடிக் கட்டைக்குத் தார் காய்ச்சினார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த சனிக்கிழமை நாலு ஜோடிக்கும்.

ஏப்ரலில் ஃபில்டரை உருவினார். இடது பக்கம், அமாவாசை மாதிரி.

"ராத்திரியில எரிக்கறான்!" என்று குதித்தார். "தகரத்தைப் பிரிச்சுட்டு எரிக்கறான்! இருபத்து நாலு வருஷப் பழக்கம், இப்படி ஒரு துரோகமா?"

"அடுப்பே இல்லாம எதுல எரிப்பான்?" என்றாள் ஐலா.

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்!"

புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வருடா வருடம் மே மாதம் வருவார். கலெர்வோ அவசரம் என்று சொல்லி ஏப்ரலிலேயே வரவழைத்தார். இந்த முறை வந்தவள் ரீக்கா என்ற புதுப் பெண், முப்பது வயதிருக்கும். கறுப்பு உடை, தோளில் சுருட்டிய தூரிகைக் கம்பி.

"சார், என்னைத் தெரியலையா?" என்று சிரித்தாள்.

"ஊர்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க. முதல்ல மேல ஏறிப் பாரு."

ஏறினாள். இறங்கினாள். தௌனோவும் தன் வாசலில் வந்து நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. ஒரு மாதமாக அவர் கலெர்வோ பக்கம் முகம் திருப்பியதில்லை.

"தகரம் அடிச்ச ஆணி துருப்பிடிச்சிருக்கு. யாரும் பிரிக்கல. உள்ள ஜில்லுனு இருக்கு."

"அப்போ இது எங்கிருந்து வந்துச்சு? நீயும் வா, தௌனோ. வந்து உன் கண்ணால பாரு! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

கோபத்தில் மரியாதை பழையபடி நீ, வாவுக்கு வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. தௌனோ கவனித்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சலவை அறையில் நாலு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். மூலையில் நாலு ஜோடிக் கட்டை, தார் டப்பா, ஊதுவிளக்கு. கலெர்வோ பெட்டியின் கதவைத் திறந்து இரண்டு ஃபில்டரையும் உருவி, நீதிமன்றத்தில் சாட்சிப் பொருள் காட்டுகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"வலது! எங்க வீட்டுக் காத்து! வெள்ளை! இடது! வெளிக்காத்து! கறுப்பு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ரீக்கா கறுப்பை வாங்கி முகர்ந்தாள். மூலையிலிருந்த பைன் தார் டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளையை வாங்கி, அதன் ஓரத்திலிருந்த பிர்ச் விதை ஒன்றை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, பெட்டியின் உச்சியில் இடமும் வலமுமாகக் குறுக்கிட்டுப் போகும் குழாய்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தாள். நேரம் ஆக ஆக, தௌனோவின் கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது. ஐலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன முழிக்கற? சொல்லேன்!" என்றார் கலெர்வோ.

ரீக்கா இரண்டு ஃபில்டரையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சார், இந்தக் கறுப்புதான் உங்க வீட்டுக் காத்து, இடதையும் வலதையும் மாத்தின இதே தப்புக்குத்தான் என்னை நீங்க ரெண்டு தடவை ஃபெயில் பண்ணீங்க."