சார்ச்சாமியும் தோட்டவெளி மண்ணும்

பாப்பாமோட்டையில் செத்த பற்றறிகள் உயிர்த்தெழுகின்றன!

இந்தச் செய்தி பரவிய மூன்றாம் நாளே மன்னார் பஸ் நிலையத்தில் பாப்பாமோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் இடம் பிடிப்பது சோதனை பாஸ் பண்ணுவதைவிடக் கடினமாகிப் போனது. தச்சர்கள் வந்தார்கள். வள்ளம் திருத்துகிறவர்கள் வந்தார்கள். கதவு பொருத்துகிறவர்கள், கூரை போடுகிறவர்கள், அடம்பன் பக்கத்து அலுமாரிக்காரர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துளைபோடும் மெசின், காய்ச்சல் கண்ட குழந்தையைப் போலத் துவாயால் சுற்றப்பட்டு இருந்தது.

செத்த பற்றறிக்குச் சார்ச் ஏற்றும் அந்த வைத்தியரின் பெயர் சக்தியூட்டி அடிகள். சனம் சுருக்கிச் 'சார்ச்சாமி' என்றது. அவருடைய கொட்டிலில் ஒரு பக்கம் கற்பூரம் எரிந்தது, மறுபக்கம் மெழுகுதிரி எரிந்தது. ஏமாற்றுவதில் சமய பேதம் பாராட்டாத பெருந்தகை அவர். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் அவருக்கு உண்டு. சாமி காசைக் கையால் தொடுவதில்லை!

"காசு வாங்காத மனுசன் ஏன் பொய் சொல்லப் போறார்?" என்று சனம் கேட்டது.

நல்ல கேள்விதான். பதிலைத் தேடத்தான் ஒருவரும் மினக்கெடவில்லை.

இத்தனை பற்றறிகள் ஒரே காலத்தில் எப்படிச் செத்தன என்று நீங்கள் கேட்கலாம். நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் தொழில் பழகிய நூற்றெண்பது பேருக்கு ஒரே மாதிரியான பச்சை மெசின் கொடுத்தது. மெசினுக்கு வயர் இல்லை, சார்ச் ஏற்றிய பற்றறியில் ஓடும். கரண்ட் இல்லாத கடற்கரையிலும் வயல்வெளியிலும் வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றறி. நாலு வருசம் நன்றாக ஓடின. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே கிழடாகின. இதில் என்ன அதிசயம்? ஆனால் சனம் கூடிக் கதைத்து, "கண்ணூறு பட்டிட்டுது" என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

மன்னார்த் தீவில் தோட்டவெளிக் கிராமத்து அன்ரோனெற்றிடமும் அந்தப் பச்சை மெசின் ஒன்று இருந்தது. கூரை போடுவது அவள் தொழில். தகரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாளென்றால் கீழே நிற்கிற ஆம்பிளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். கடற்றொழிலாளர் சங்கத்தின் புதிய மீன்வாடிக் கொட்டகைக்குக் கூரை போடும் வேலை அப்போது அவள் கையில் இருந்தது. வாடி நின்ற இடத்துக்குக் கரண்ட் கம்பி இன்னும் வரவில்லை. ஒரு பற்றறி செத்துவிட்டது, மற்றதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தா பிள்ளை," என்று சங்கத் தலைவர் பேதுரு சொல்லியிருந்தார். "மழை இருட்டிக்கொண்டு நிக்குது. முடியாட்டி வவுனியாப் பெடியளைக் கூப்பிடத்தான் வேணும்."

அவர் பக்கத்தில் நின்ற ஒருவர் அவள் காதில் விழட்டும் என்றே முணுமுணுத்தார்: "பொம்பிளையளைக் கூரையில ஏத்தினா இப்பிடித்தான்."

இந்த வேலை தவறினால் அடுத்த வேலை கிடைக்காது. அடுத்தது மட்டுமல்ல, எந்த வேலையும் கிடைக்காது. அன்ரோனெற்றுக்கு அது தெரியும்.

திங்கட்கிழமை பின்னேரம் அவள் பட்டினத்தில் கூரைத் திருகாணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, கணவன் யோசேப் வாசலில் நின்று பல் முழுவதையும் காட்டினான். கையில் ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம்.

"இஞ்சேர், உன்ர செத்த பற்றறிக்கு உயிர் வந்திட்டுது!"

"எங்கை கொண்டு போனனீங்கள்?"

"சாமியிட்டத்தான். ரெண்டையும் கொண்டு வரச் சொன்னவர். உயிரோட இருக்கிறது செத்ததுக்கு மூச்சுக் குடுக்குமாம்."

"ரெண்டையுமோ? நல்லதையுமோ?"

"ஓம். திரைக்குப் பின்னால கொண்டுபோய் மந்திரிச்சுக் கொண்டுவந்து எங்கட மெசினிலயே பூட்டிக் காட்டினவர். விர்ரெண்டு சுத்திச்சுது! பிறகு திரும்பவும் உள்ளை கொண்டுபோய்த் துணியில கட்டித் தந்தவர். மூண்டு நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. ஒம்பது நாளைக்கு வீட்டில மச்சம் கூடாது."

மன்னார்த் தீவில் ஒன்பது நாள் மீன் தின்னாமல் இரு என்று சொல்வதும் ஒன்பது நாள் மூச்சு விடாமல் இரு என்று சொல்வதும் ஒன்றுதான். யோசேப் கடலுக்குப் போகிறவன். அவனுடைய விரதம் அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடித்தது. சட்டியில் கிடந்த சூடைமீன் பொரியல் அவனைப் பார்த்தது. அவனும் அதைப் பார்த்தான். பிறகு அதைக் காணவில்லை.

அன்ரோனெற் விடிந்ததும் பொட்டலத்தை அவிழ்த்தாள். ஒரு பற்றறியைப் பூட்டினாள், மெசின் அசையவில்லை. மற்றதைப் பூட்டினாள், அதுவும் அசையவில்லை. சார்ச்சரில் போட்டாள். பச்சை விளக்கும் இல்லை, சிவப்பும் இல்லை.

யோசேப் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தினான். "நான்தான் பாவி. அந்தச் சூடையைத் திண்டிருக்கக் கூடாது."

பக்கத்து வீட்டு அருளம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் குரலைத் தணித்தாள். "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. எங்கட வீட்டிலயும் இதே கதைதான். அந்த மனுசன் ரெண்டாம் நாளே நண்டுக் காலைக் கடிச்சிட்டுது."

சாமியின் மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்! பற்றறி செத்துக் கிடக்கிறது, ஆனால் தோட்டவெளியில் ஒருவரும் சாமியிடம் கேட்கவில்லை. ஏன்? வீட்டுக்கு வீடு குசினி அடுப்பருகில் ஒரு குற்றவாளி இருந்தான். குற்றவாளி எங்கே போய் முறைப்பாடு வைப்பான்? அவனவன் மீன் முள்ளை ஆழமாகப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அன்ரோனெற் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை, சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. இரண்டு பற்றறியையும் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டினத்தில் ரேடியோவும் ஃபோனும் திருத்துகிற பாயிஸின் கடைக்குப் போனாள்.

கடை வாங்குப் பலகையில் ஏற்கெனவே ஒருவர் வாடிப்போய் இருந்தார். பாப்பாமோட்டைத் தச்சர் சரவணமுத்து. அவர் மடியிலும் இரண்டு பற்றறி, அவற்றைச் சுற்றியும் சிவப்புத் துணி.

"நீங்களும் மீன் திண்டனீங்களோ அண்ணை?" என்று அன்ரோனெற் கேட்டாள்.

சரவணமுத்து காதைப் பொத்தாத குறை. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? நாங்கள் பரம்பரைச் சைவம். முட்டை கூட வீட்டு வாசல் கண்டதில்லை."

"அப்ப உங்கட பற்றறி ஏன் செத்தது?"

"அதைத்தான் சாமியிட்டப் போய்க் கேட்டனான். பஸ்ஸில பக்கத்துச் சீற்றில மீன்கூடை இருந்ததாம். அந்த மணம் என்ர மூக்கால உள்ளை போயிட்டுதாம்."

பாயிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அன்ரோனெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் தின்றவனுடைய பற்றறியும் செத்திருக்கிறது. மீனே தொடாதவருடைய பற்றறியும் செத்திருக்கிறது. அப்படியென்றால் மீனுக்கும் பற்றறிக்கும் என்ன தொடர்பு? இது சின்னக் கணக்குத்தான். ஆனால் இத்தனை பேரில் அதைப் போட்டுப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

பாயிஸ் அவளுடைய பற்றறிகளின் அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஐந்து செல்.

"இந்த அஞ்சும் சங்கிலி மாதிரி அக்கா. ஒண்டு செத்தா முழுக்க நிண்டுடும். அநேகமா அந்த ஒண்டை மாத்தினாப் போதும், இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். ஆனா இதுகளைப் பாருங்கோ, துருப்பிடிச்சு ஊத்திக் கிடக்கு. எப்பவோ செத்தது. போன சனிக்கிழமை இதை வைச்சு வேலை செய்தனீங்களோ?"

"ஒண்டு நல்லா ஓடினது."

"அப்ப இது ரெண்டும் உங்கடை இல்லை. உங்கடையை எடுத்துக்கொண்டு வேற ஆரின்ரையோ பிணத்தைத் தந்திருக்கிறார் சாமி."

சரவணமுத்து எழுந்து நின்றுவிட்டார். "எல்லாம் ஒரே பச்சை நிறம்தானே... மாத்தினா ஆருக்குத் தெரியும்? வவுனியாவில ஒருத்தன் இப்பிடிப் பற்றறியளைப் புதுசு எண்டு விக்கிறானாம் எண்டும் கேள்விப்பட்டன்!"

காசைத் தொடாத சாமி எதைத் தொட்டார் என்பது அப்போது விளங்கியது.

"பொலிசுக்குப் போவமோ?" என்றார் சரவணமுத்து.

"போய் என்ன சொல்லுறது? என்ர புருசன் தானாக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தவர். சாமி, 'நீ மீன் திண்டனீ' எண்டு சொல்லுவார். சனமும் அவரின்ர பக்கம்தான் நிக்கும்." அன்ரோனெற் வெற்றுக் கூடுகளைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள். "தம்பி பாயிஸ், இந்தச் செல்லுகளை நீ எடு. கூடு ரெண்டும் எனக்கு வேணும். அண்ணை, நாளைக்கும் நாளையிண்டைக்கும் சாட்சிக்கு வாறீங்களோ?"

புதன்கிழமை தோட்டவெளிக் கரையில், சரவணமுத்துவின் கண் முன்னால், அன்ரோனெற் இரண்டு கூட்டையும் ஈரமண்ணால் குலுங்காமல் அடைத்துத் திருகாணியை இறுக்கினாள்.

வியாழக்கிழமை பாப்பாமோட்டையில் வரிசை ரோட்டு வரைக்கும் நீண்டிருந்தது. வரிசையில் அருளம்மாவும் நின்றாள்! புருசன் புதிதாக வாங்கிய பற்றறி ஒன்றைப் பழையதோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். "இந்தமுறை நாலு நாள் முந்தியே குசினியைப் பூட்டிப்போட்டன்," என்றாள் பெருமையாக.

அன்ரோனெற்றின் முறை வந்தது. சாமி கண்ணை மூடி, ஒரு மண்கூட்டை நெற்றியில் வைத்தார்.

"ம்ம்... ஏழு வீட்டுக் கண். உள்ளை உயிர் துடிக்குது. மற்றது?"

"அது நல்லா ஓடுறது சாமி."

"தெரியுது. சூடா இருக்கு."

கடல்மண்ணில் ஏழு வீட்டுக் கண்ணையும் உயிர்த் துடிப்பையும் கண்டவர் திரைக்குப் பின்னால் போனார். மணி கிலுங்கியது, சாம்பிராணி புகைந்தது. வெளியே வந்து அவளுடைய மெசினில் ஒரு பற்றறியைப் பூட்டி விசையை அழுத்தினார். விர்ர்ர்!

"செத்தது எழும்பிட்டுது!" என்று சனம் கத்தியது.

அன்ரோனெற் மெசினை வாங்கிக்கொண்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை. "ஒரு சின்னச் சொல்லு சாமி. நான் கொண்டுவந்த ரெண்டுக்குள்ளயும் செல் இல்லை. தோட்டவெளி மண்தான் இருந்தது. சரவணமுத்து அண்ணை பாத்துக்கொண்டு நிண்டவர்."

பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? சாமியின் சட்டையைப் பிடித்தார்களா? இல்லை. அருளம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"மண்ணையே ஓட வைச்சிட்டார்!"

தொப்புத் தொப்பென்று ஆட்கள் நிலத்தில் விழுந்தார்கள். வெளிறிப்போயிருந்த சாமியின் முகத்தில் இரத்தம் திரும்பி ஓடியது. இத்தனை நல்ல பக்தர்கள் வாய்த்தால் யாருக்குத்தான் துணிவு வராது?

"ஓம் பிள்ளையள்," என்றார் அவர். "மண்ணெண்டு எனக்குத் தெரியும். இவளின்ர அகங்காரத்தை அடக்கத்தான் மண்ணுக்கு உயிர் குடுத்தனான்."

"அப்ப இப்ப ஓடினது அந்த மண்தானோ சாமி?"

"அதே மண்தான்."

"எல்லாருக்கும் கேட்டதுதானே? நல்லது." அன்ரோனெற் மெசினிலிருந்து பற்றறியைக் கழற்றினாள். இடுப்பிலிருந்து ஸ்குறூ ட்றைவரை எடுத்தாள். கூரைக்காரியின் கை, நாலு திருகாணிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? மூடியைத் திறந்து சனத்துக்கு முன்னால் கவிழ்த்துப் பிடித்தாள்.

ஐந்து செல் பளபளத்தன. ஒரு மணல்கூட விழவில்லை.

"மண் எங்கை சாமி?"

"மண்... மின்சாரமா மாறிட்டுது."

"உள்ளை போய்ப் பாத்தால் மாறாத மண் கிடைக்கும்," என்றாள் அன்ரோனெற். திரையை ஒரே இழுவையில் இழுத்தாள். பின்னால் இரண்டு சாக்கு. ஒன்றுக்குள் துருப்பிடித்த செத்த பற்றறிகள். மற்றதுக்குள் நல்லவை, அவற்றுக்கு மேலே அவளுடைய இரண்டு கூடும் கிடந்தன. சரவணமுத்து ஒன்றைத் திறந்தார். ஈரமண் பொத்தென்று சாமியின் பாதத்தில் விழுந்தது.

இம்முறை விழுந்து கும்பிட ஒருவரும் முன்வரவில்லை. அருளம்மா மண்ணைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், கடைசியாகச் சாமியைப் பார்த்தாள்.

"அட நாசமாப் போவானே! நாலு நாள் என்ர மனுசனுக்கு மீன் குடுக்காமல் பட்டினி போட்டனே!"

சார்ச்சாமிக்கு அதுவரை இல்லாத சக்தி திடீரென்று வந்தது. காவியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பால் ஓடினார். அந்த ஓட்டத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. சில பெடியள் துரத்திப் பிடித்து அடம்பன் பொலிசில் கொண்டுபோய் விட்டார்கள். சனமோ சாக்கின்மேல் பாய்ந்தது. எல்லாம் ஒரே பச்சை நிறம். எது யாருடையது? ஆளாளுக்கு அடிபடத் தொடங்கியபோது அன்ரோனெற் சாக்கின்மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

"வரிசையில நில்லுங்கோ! வரிசை உங்களுக்குப் பழக்கம்தானே. ஒவ்வொண்டா மெசினில பூட்டி, அந்தப் பனங்குற்றியில ஒரு துளை போட்டுப் பாத்து எடுங்கோ. காத்தில சுத்தினது போதும், இனி மரத்தில சுத்தட்டும்."

அவளும் வரிசையில் நின்று, துளை போட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெள்ளியும் சனியும் மீன்வாடியின் கூரையிலிருந்து விர்ரென்ற சத்தம் ஓயவில்லை. சனி பின்னேரம் கடைசித் தகரத்துக்கு அவள் கடைசித் திருகாணியை இறக்கியபோது முதல் தூறல் விழுந்தது. கீழே நின்றவர்கள் வாடிக்குள் ஒதுங்கினார்கள். முன்பு முணுமுணுத்த மனிதர்தான் எல்லோருக்கும் முதல் ஓடிப்போய் ஒதுங்கினார். பேதுரு அண்ணாந்து பார்த்து, "அடுத்த மாசம் ஐஸ் அறைக்கும் கூரை போடவேணும் பிள்ளை," என்றார்.

அவள் ஏணியில் இறங்க முதலே அருளம்மா நனைந்துகொண்டு ஓடிவந்தாள். "பிள்ளை, சங்கதி தெரியுமோ? அங்காலை ஒரு ஊரில ஒரு அம்மா பழுதான ஃபோனைத் தடவியே சுகமாக்கிறாவாம். காசும் வாங்கிறேல்லையாம்!"

அன்ரோனெற் இடுப்பிலிருந்த ஸ்குறூ ட்றைவரை உருவி அருளம்மாவின் கையில் வைத்தாள்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்லலாம். கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். திருகாணி கழற்ற ஒரு கை போதும். மற்றக் கையால் உங்கள் பற்றறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசியுங்கள்.