இரண்டு அங்குலம் பிடித்த ஜாக்கெட்

லைஃப் ஜாக்கெட்டின் மார்புப் பக்கத்தை இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தூக்கிப் பிடித்து அழகு பார்த்த பிறகுதான், அதற்குள்ளே ஒரு காற்றுப் பை இருக்கிறது என்பது தையல்காரருக்கு உறைத்தது. இரண்டு வரிசைத் தையல். அதுவும் கெட்டித் தையல்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருடமாக எல்லோரும் அவரை ‘அங்குலம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெருவில் போகிறவருடைய சட்டை தோளில் கொஞ்சம் தொங்கினாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். கடையிலிருந்து வந்த ஜாக்கெட்டோ சாக்குப் பை மாதிரி தொளதொளவென்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பல் டாக்டர் முன்னால் போய் நிற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

விஷயமே அந்தப் பல் டாக்டர்தான். தையல்காரரின் மகளும் டாக்டரின் மகனும் ஒரே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறார்கள். கட்டிக்கொள்வது என்று அவர்களுக்குள் முடிவாகி ஒரு வருடம் ஆகிறது. ஊரில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்கிற டாக்டர், இந்த விஷயத்தில் மட்டும் தன் வாயைத் திறக்காமல் இருந்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வாருங்கள், என் படகில் ஒரு சுற்று போய்க்கொண்டே பேசிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொண்டுவர வேண்டும், தானாக ஊதிக்கொள்கிற வகையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் அவரே சோதித்துப் பார்ப்பார். ஜாக்கெட் சரியில்லை என்று சொந்த மச்சினர் குடும்பத்தையே கரையோடு திருப்பி அனுப்பியவராம்.

ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், தானாக ஊதுவதா, கயிற்றை இழுத்தால் ஊதுவதா என்று கேட்டார்.

“அளவெடுத்துத் தர மாட்டீங்களா?” என்றார் தையல்காரர்.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விளக்கினார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டால் மாத்திரை கரையும், சிலிண்டர் திறக்கும், கண் இமைக்கும் நேரத்தில் ஜாக்கெட் ஊதிவிடும். பராமரிப்பைப் பற்றியும் நிறையச் சொன்னார். அந்த நேரமெல்லாம் தையல்காரர் ஓரத்தையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று மூன்று வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது தைத்ததைப் பிரித்தார். தையலைப் பிரித்தால் நூல் வரும், ஓட்டை போகுமா? சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பசையையும் ரப்பரையும் வாங்கி வந்து சளைக்காமல் ஒட்டினார். ஒட்டியது பிடித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சைக்கிள் கடையில் பார்ப்பது மாதிரிதான். வாயால் ஊதி, குளியலறை டிரம்மில் முக்கினார். குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“ஏங்க, தண்ணி பட்டா தானா ஊதும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

அவர் நிமிர்வதற்குள் டப்பென்று ஒரு சத்தம். ஜாக்கெட் டிரம்முக்குள்ளேயே ஊதிப் பிதுங்கி, எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அடைத்துக்கொண்டது. அப்புறம் ஒட்டுப் பிய்ந்த இடங்கள் வழியாக விசில் அடித்துக்கொண்டே அடங்கியது.

பசையை மறுபடி பூசி, காயவைத்து, மடிக்க உட்கார்ந்தார். அது எந்த மடிப்புக்கும் வழிக்கு வரவில்லை. மனைவியின் ஜாக்கெட்டைப் பிரித்து மடிப்பைப் பார்த்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று அதைப் பிரித்தார். பார்த்தும்கொண்டார். ஆனால் திரும்ப மடித்தபோது அதுவும் கசங்கிய காகிதம் மாதிரி ஆகிவிட்டது. கசங்கல் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. லேசாக ஒரு இஸ்திரி போட்டுவிடலாம் என்று நினைத்தார். இஸ்திரி போடுமுன் துணியில் தண்ணீர் தெளிப்பது முப்பது வருடப் பழக்கம். கை அதன்பாட்டுக்குத் தெளித்துவிட்டது.

டப்.

மகள் தன் ஜாக்கெட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, இதுமேல உங்க கை பட்டுச்சு, நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கல்யாணம் பண்ணிக்குவேன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. ஒரு வருடமாகக் காத்திருக்கிற பெண்.

இரண்டு ஜாக்கெட்டையும் சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். புது ஜாக்கெட் ஒன்றும் இல்லை, அடுத்த வாரம்தான் வரும் என்றார் கடைக்காரர். மாற்றுச் சிலிண்டரும் மாத்திரையும் ஒரே ஒரு ஜோடி இருந்தது. தைத்த ஜாக்கெட்டைக் கடைக்காரர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கு எதை மாத்தி என்ன பண்றது? சல்லடையாச்சே இது.”

இருந்த ஒரு ஜோடி மனைவியின் ஜாக்கெட்டுக்குப் போனது. இந்தத் தடவை தையல்காரர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். சிலிண்டரின் மேல் அச்சடித்த எடை இருக்கிறதா என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். மாத்திரையின் தேதியைப் பார்த்தார். காலையில் வாயால் ஊதி வைத்து, காற்று இறங்கவில்லை என்பதைச் சாயங்காலம் வரை காத்திருந்து உறுதி செய்துகொண்டார். இஸ்திரிப் பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை.

நீங்கள் கரையிலேயே இருந்துவிடுங்கள் என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். பேச்சு நடக்கப்போவது படகில். பெண்ணைப் பெற்றவன் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பதா? நீச்சல் தெரியாத மனிதர், சல்லடையைத் திரும்பவும் இரண்டு அங்குலம் பிடித்து, ஒட்டெல்லாம் மறையும்படி தைத்து, மடிப்புக் கலையாமல் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விழாமல் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

படகுத்துறையில் டாக்டர் டார்ச்சும் சின்னத் தராசுமாக நின்றிருந்தார். மனைவியின் ஜாக்கெட்டைப் பிரித்து, சிலிண்டரைக் கழற்றி எடை போட்டு, மாத்திரையை முகர்ந்தே பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அவர் முகம் சுண்டியது. மகளுடையதை எடுத்து ஒவ்வொரு தையலாக டார்ச் அடித்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. மனிதருக்கு நம்மைப் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பச் சாக்குத் தேடுகிறார் என்று நினைத்த தையல்காரர், தன் மார்புத் தையலைக் கையால் மூடிக்கொண்டார்.

அவருடைய முறை வந்தது. டாக்டர் இழுத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். தையல் அவ்வளவு சுத்தம். மனிதருக்கு அலுத்துப் போயிருக்க வேண்டும், சிலிண்டரைக் கழற்றி எடை போடக்கூட இல்லை.

“சரி… ஏறுங்க” என்றார், குரலே எழும்பாமல்.

தப்பித்தாயிற்று. ஏறியிருக்கலாம். ஆனால் தையல்காரருக்குக் கால் வரவில்லை. பக்கத்தில் மகள் நிற்கிறாள். அவள் போகப்போகிற வீட்டோடு முதல் பேச்சே பொய்யாகவா இருப்பது?

“டாக்டர், இதுல ஓட்டை இருக்கு” என்றார். “நூத்திப் பன்னெண்டு. நான்தான் போட்டேன்.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஊதுகுழாயில் வாயை வைத்து ஒரு ஊது ஊதினார். காற்று அத்தனையும் அவர் மூஞ்சியிலேயே திரும்பி அடித்தது. இன்னொரு தடவை ஊதி நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு தையல்காரரின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி,” என்றார், “இன்னிக்குப் படகு வேணாம். பாதுகாப்புதான் முக்கியம். கரையிலேயே உக்காந்து பேசுவோம்.”

மத்தியானத்துக்குள் கல்யாணத் தேதியே குறித்தாகிவிட்டது. டாக்டர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், யார் என்ன சொன்னாலும் சிரித்தார். தையல்காரருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, படகுத்துறைக் காவலாளியைத் தனியாக ஓரங்கட்டினார். சொந்த மச்சினரையே திருப்பி அனுப்பியவர், சல்லடையோடு வந்த என்னிடம் எப்படிச் சம்பந்தம் பேசினார் என்று கேட்டார்.

காவலாளி கார் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“படகு வாங்கி ஆறு வருஷமா இந்தக் கயித்த அவுத்ததே இல்லைங்க, டாக்டருக்குத் தண்ணியில எறங்க அவ்வளவு பயம், வர்றவங்க ஜாக்கெட்டுல எல்லாம் இல்லாத குறையத் தேடித் தேடியே மனுஷன் பாதியாயிட்டாரு, நீங்க ஒருத்தர்தான் நெசமாவே ஓட்டையோட வந்து அவரக் காப்பாத்துனீங்க.”