தோட்டமே ஓட்டுப் போட்ட பாட்டு

பால் கொடுக்க வந்த தாய்மார்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைகூட விழித்திருக்கவில்லை. தொட்டிலில் கிடந்தவை தொட்டிலில், பாயில் கிடந்தவை பாயில். சின்னத்தம்பியின் மகன் கிஷாந்த் கடித்த பிஸ்கட் வாயிலிருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன தாயி செஞ்ச?" என்றாள் அவன் அம்மா செல்லாயி.

"ஒன்னும் செய்யலீங்க அத்தை. சும்மா பாடிப் பாத்தேன்."

பாடிப் பார்ப்பதுதான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பிரியந்திக்கு வியாதி. இதற்கு முன் வேலைக்கிருந்த ஹட்டன் துணிக்கடையில் சேலையை விரித்துக் காட்டியபடி பாடினாள். வந்தவர்கள் பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு, சேலை வாங்காமல் போனார்கள். பிறகு போன பாமசியில் தாளம் போட்டுக்கொண்டே மாத்திரை எண்ணினாள். தாளம் தப்பவில்லை, மாத்திரை தப்பியது. இரண்டு முதலாளிமாரும் தங்கமானவர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ பெரிய பாடகியா வரணும்மா" என்று மனதார வாழ்த்தித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெரிய பாடகியாக வர ஒரு வழியும் திறந்திருந்தது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் முதற்சுற்றைத் தாண்டியிருந்தாள். அடுத்து, ஒளிபரப்பைப் பார்க்கிறவர்கள் போனில் ஓட்டுப் போட வேண்டும். ஓட்டு விழுந்தால் கொழும்பில் தங்கிப் பயிற்சி, மேடை, எல்லாம். விழாவிட்டால் என்ன என்பதை அம்மா நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை வரலேன்னா பாட்ட மூட்ட கட்டி வச்சிட்டு எங்கூட மலைக்கு வந்துரணும். அதுவரைக்கும் ஒரு வேலையில ஒழுங்கா இரு."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்காம்பரா ஆயா ஓய்வு பெற்றாள். வேலை பிரியந்திக்கு வந்தது. பாட்டைக் கேட்டு முறைப்பதற்கு முதலாளி இல்லாத வேலை. காலையில் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போனதும் சுருதி பிடிப்பாள். பல்லவி முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் சாய்ந்துவிடும். சரணத்தில் மீதி.

முதல் வாரம் தோட்டமே அவளைக் கொண்டாடியது. இரண்டாவது வாரம் தாய்மார்களின் கண் சிவந்திருந்தது. பகலெல்லாம் தூங்கிய பிள்ளைகள் ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தன. வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே ஒரே சுவர்தானே. ஒரு வீட்டில் பிள்ளை தகரத்தைத் தட்டினால், அடுத்த வீட்டுப் பிள்ளை பதில் தட்டியது.

பிரியந்திக்கு மனசு கேட்கவில்லை. தாலாட்டை நிறுத்திவிட்டுக் குத்துப்பாட்டுப் பாடினாள். பிள்ளைகள் இரண்டு ஆட்டம் ஆடிக் களைத்து, இன்னும் சீக்கிரமாகத் தூங்கின. சரியென்று வாயையே மூடிக்கொண்டாள். பழக்கப்பட்ட பிள்ளைகள் விடுமா? அவை வைத்த ஒப்பாரி மலையுச்சி வரை கேட்டது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே வந்த பொன்னையாக் கங்காணி, "ஏம்மா, ஒரு பாட்டப் பாடித் தொலையேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியில் அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. தன் பாட்டைப் போனில் பதிந்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். ராத்திரியில் போட்டுவிட்டால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்பது கணக்கு.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓர் ஆளும் இல்லை. பொன்னையாக் கங்காணி மூச்சிரைக்க லயத்துக்கு ஏறிப்போனார். போன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அப்பன் ஆத்தாள்தான் தூங்கியிருந்தார்கள். பிள்ளைகள் அவர்கள் மேல் ஏறிக் குதிரை விளையாடிக்கொண்டிருந்தன. எழுப்ப வந்த கங்காணி, மூச்சு வாங்கிக்கொள்ளலாமென்று வாசற்படியில் சற்று உட்கார்ந்தார். அவரை எழுப்ப, அவருக்கும் மேலான கண்டாக்கு ஐயாவே வரவேண்டியதாயிற்று. அன்று லயம் முழுக்க அரைநாள் சம்பளம்தான்.

அன்று சாயங்காலம் கோயிலடியில் கூட்டம். பிரியந்தியை யாரும் அழைக்கவில்லை. மூன்றாவது வேலையும் போச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று படுத்துக்கொண்டு அழுதாள். விடிந்ததும், ஆட்டோ ஓட்டும் சின்னத்தம்பி வந்து வாசலில் நின்றான்.

"நானே நின்னுக்கிறேன் மாமா" என்றாள் அவன் வாய் திறக்குமுன்.

"வேலைய விடுற பேச்சே வேணாம். அந்தப் போட்டிக்கு ஓட்டு எப்பத் தாயி போடணும்?"

அதற்குப் பிறகு நடந்ததைத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. தொழிற்சாலைச் சுவரில் பிரியந்தியின் படம் ஏறியது. சின்னத்தம்பியின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு அக்கரப்பத்தனை வரை போய், தமிழிலும் சிங்களத்திலும் ஓட்டுக் கேட்டது. ஒரு சட்டி கடன் கேட்டால் கதவைச் சாத்துகிற வீடுகளில்கூட போனுக்குக் காசு போட ரீலோட் அட்டை வாங்கி வைத்தார்கள். செல்லாயி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். தேர்தலுக்கு வந்த பெரிய மனிதர்களுக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஒளிபரப்பான அன்று பிரியந்திக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. லயத்தோரமாக நடந்து பார்த்தாள். எல்லா வீட்டு டிவியிலும் அவள்தான். ஆனால் ஒரு டிவியிலும் சத்தமில்லை.

"ஒன் பாட்டக் கேட்டா ஓட்டுப் போட முழிச்சிருக்க முடியுமா? அதான் அமத்தி வச்சிருக்கோம்" என்றாள் செல்லாயி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதைவிட ஒரு கலைஞிக்கு என்ன வேண்டும்? பிரியந்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஓட்டுகள் குவிந்தன. பிரியந்தி தேர்வானாள். வாழ்நாளில் யாரையும் பாராட்டியறியாத நாகலெட்சுமி, "எம்மகள் மேல ஊருக்கு இவ்வளவு பாசமா" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளைக் கூடை தூக்கச் சொன்ன வாய், கொழும்பில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாடாதே என்று புத்தி சொன்னது.

புறப்படும் நாளில் தப்பு மேளம் முழங்கியது. பஸ் நிற்குமிடம்வரை மாலையும் கையுமாக ஊர்வலம். கிஷாந்த்கூட அப்பா தோளில் உட்கார்ந்து கைதட்டினான். பஸ் படியில் ஏறிய பிரியந்தி திரும்பிப் பார்த்தாள். இத்தனை முகமும் தனக்காக என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"உங்க பாசத்த மறக்கவே மாட்டேங்க. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, போட்டி முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவேன். நம்ம புள்ளைங்கள நான்தான் பாத்துக்குவேன்."

தப்பு நின்றுவிட்டது. செல்லாயி புருஷனைப் பார்த்தாள். பொன்னையாக் கங்காணி வானத்தைப் பார்த்தார். கடைசியில் சின்னத்தம்பிதான் அவள் பெட்டியைப் பஸ்ஸுக்குள் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"திரும்பி மட்டும் வந்துறாத தாயி, நாகலெட்சுமியக்கா மகள வேலைய விட்டு நிப்பாட்டுங்கன்னு சொல்ல யாருக்கும் வாய் வராமத்தான் ஊரே கூடி ஓட்டுப் போட்டோம்."